மூன்று சுழி மணை

சிவன் கோயில் பிராகாரத்தில் அறுபத்து மூவர் வரிசையைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். நாயன்மார்கள் எல்லோரும் நின்றுகொண்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். அவர் எங்கள் ஊர்க்காரர், காரைக்கால் அம்மையார். தலையால் நடந்து கயிலை ஏறியவர், சிவனே ‘அம்மையே’ என்று அழைத்தவர், அதனால்தான் அவருக்கு அந்த உரிமை என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைக்கும்போது, நெரிசலில் நின்றபடி நான் இதை யோசித்திருக்கிறேன். புனிதவதியாக இருந்தவரை அவரைக் கணவனுக்குச் சோறு பரிமாறுகிறவராகத்தான் பெரியபுராணத்தில் பார்க்கிறோம். கணவன் கப்பலேறிப் போய், வேறு குடும்பம் அமைத்து, கடைசியில் அவர் காலிலேயே வந்து விழுந்து, அவரும் தன் உடலின் தசையை உதறிப் பேயுருவம் கொண்ட பிறகுதான் அவருக்கு உட்காரக் கிடைக்கிறது. அதுவும் ஆசனம் இல்லை. வெறும் தரை.

குடும்பத்தை உதறாமல், பேயாகாமல், சொந்த வீட்டில் ஒரு பெண் உட்கார என்ன வழி?

இந்தக் கட்டுரை பழைய மரத்தைப் பற்றியது. இடித்த வீட்டின் சட்டம், உடைந்த படகின் பலகை, யாரோ வேண்டாமென்று போட்ட கதவு ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே பெஞ்சும் முக்காலியும் செய்துகொள்வது இன்று பேச்சாகியிருக்கிறது. சூழலுக்கு நல்லது, கைக்கு வேலை, கண்ணுக்கு அழகு என்று பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் எது விடுபடுகிறது என்று பார்க்க இரண்டு கேள்விகள் எனக்குப் போதும். யார் செய்தது? யார் உட்கார்ந்தது?

*

அத்தையின் ஓட்டு வீட்டை இடித்து மாடிவீடு கட்டியபோது கூரையிலிருந்து பனஞ்சட்டங்கள் இறங்கின. கரியேறிக் கறுத்து, இரும்புபோல் இருந்தன. நல்ல தேக்கு நிலைகளையும் கதவுகளையும் பழைய மரக்கடைக்காரர் விலைபேசி ஏற்றிக்கொண்டு போனார். பனைக்கு விலை படியவில்லை. அது கொல்லையில் விறகாகக் குவிந்தது.

மீட்டெடுத்த மரம் என்று பேசுகிறவர்கள் எதனிடமிருந்து மீட்டெடுத்தது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் பழைய மரம் அடுப்பிலிருந்துதான் தப்ப வேண்டும். அடுப்பு பெண்ணின் பொறுப்பு. எது எரியும், எது நிற்கும் என்று குவியலின் முன் நின்று முடிவெடுப்பவள் அவள். வெந்நீருக்கு ஆகும் என்று ஒதுக்கிய கட்டைகளிலிருந்து அத்தை ஆறு சட்டங்களைத் திரும்ப உருவினாள். மரத்தைத் தேர்வது என்று தச்சர்கள் சொல்லும் வேலை அங்கேயே நடந்துவிட்டது. யாரும் அதை அப்படிப் பார்க்கவில்லை.

பழைய ஆணிகளைப் பிடுங்கி, வளைந்தவற்றை அம்மிக்கல்லில் வைத்துத் தட்டி நேராக்கினாள். முதல் ஆணியை அடித்ததும் பனை பிளந்தது. துளை போடாமல் பனையில் ஆணி இறங்காது. துளை போடும் கருவி வீட்டில் இல்லை. அடுத்த வாரம் மீன்காரம்மாவிடம் சொல்லிப் பழைய வலைக்கயிறு வாங்கிவரச் செய்து, கால்களையும் குறுக்குச் சட்டங்களையும் இறுக்கிக் கட்டினாள். கட்டுமரம் ஆணியில்லாமல் கட்டுவதுதானே, அலையே பிரிக்காததை உட்காருகிறவனா பிரிக்கப்போகிறான் என்றாள். மேற்பரப்பில் சிலாம்பு ஏறாமலிருக்கக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினாள். செல் அரிக்காமலிருக்க வேப்பெண்ணெய் தடவினாள். மட்டம் பார்க்கக் கருவி இல்லை. பெஞ்சின் நடுவில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அது ஓடிய பக்கத்துக் காலின் அடியில் ஓட்டுச் சில்லு கொடுத்தாள்.

இதில் வடிவமைப்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்? கிடைத்த பொருளின் குணத்தை அறிந்து, ஒரு முறை தோற்று, கடற்கரையின் தொழில்நுட்பத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து, தண்ணீரை அளவுகோலாக்கிய காரியம் அது. வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “அவ சிக்கனக்காரி.”

அந்தப் பெஞ்சில் மாமா உட்கார்ந்தார். பால்காரர், கேபிள்காரர், சம்பந்தி வீட்டார் என்று வந்தவர்களெல்லாம் உட்கார்ந்தார்கள். அத்தை அதன் காலடியில், தரையில், கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். “எனக்கு எதுக்குடி பெஞ்சு? வேலை செய்யறவளுக்குத் தரைதான் தோது” என்று சிரித்தாள்.

*

அவள் சொன்னதைத் தியாகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை அவள் உடலை எங்கே வைத்திருக்கிறது என்பதைத்தான் அவள் சொன்னாள்.

நாற்காலி தமிழ்ச்சொல். மேஜையும் அலமாரியும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தவை, பீரோ பிரெஞ்சுச் சொல். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் ஊரில், இந்தச் சாமான்கள் முதலில் வணிகரின் கிடங்குக்கும் அலுவலகத்துக்கும் வந்து, பிறகு வேலைக்குப் போனவர்களின் வீட்டுக் கூடத்துக்கு வந்தன. பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வுபெற்ற சொல்தாக்களின் வீடுகளில் சாய்வு நாற்காலி கூடத்தின் நடுவில் கிடக்கும். அதன் துணி கிழிந்தால் பழைய போர்வையை இரண்டாக மடித்துத் தைத்து மாட்டுகிறவள் ஒருத்தி இருப்பாள். அதில் சாய்கிறவர் இன்னொருவர்.

பெண்ணுக்கென்று செய்த இருக்கையே நம்மிடம் இல்லையா என்றால், இருக்கிறது. மணை. தேங்காய் துருவும் மணையில் ஏறி உட்கார்ந்தால் எதிரே பல்வைத்த இரும்பு நாக்கு. அரிவாள்மணைப் பலகையைக் காலால் அழுத்திக்கொண்டால் முன்னே நிமிர்ந்த அலகு. நம் வீட்டுப் பெண்ணுக்கு அன்றாடம் வாய்த்த இருக்கையில் கத்தி பொருத்தியிருக்கிறது. கத்தியில்லாத மணையில் அவள் உட்காருவது கல்யாணத்தன்றும் வளைகாப்பன்றும்தான். அன்றைக்கு அவளைச் சுற்றி மற்ற பெண்கள் வேலை செய்கிறார்கள்.

இரண்டு சுழி மனையில் அவளை மனைவி என்கிறோம். மூன்று சுழி மணையில் அவளை வேலையோடு சேர்த்து உட்கார வைக்கிறோம். பள்ளியில் இந்த இரண்டு எழுத்துக்கும் குழம்பி அடி வாங்கிய எனக்கு, குழப்பம் என்னுடையது மட்டுமல்ல என்று தோன்றுகிறது.

*

மரத்துக்கும் நாம் பால் கற்பித்திருக்கிறோம். உள்ளே வைரம் பாய்ந்த மரங்களையும் வெளிப்புறம் மட்டும் கெட்டியான பனை, தென்னை போன்றவற்றையும் தொல்காப்பிய மரபியல் பிரித்துக் காட்டுகிறது. அகக்காழ் உடையது மரம், புறக்காழ் உடையது புல் என்பது அதன் பகுப்பு. தாவரவியல் நோக்கில் இது வியப்பூட்டும் கூர்மை. பனையும் தென்னையும் புல்லினத்துக்கு நெருங்கியவை என்பதை இன்றைய அறிவியலும் ஏற்கும். ஆனால் பின்னால் வந்த நிகண்டு மரபு அதன்மேல் இன்னொன்றை ஏற்றியது. உள்ளே வைரமுள்ளது ஆண்மரம், வெளியே மட்டும் கெட்டியானது பெண்மரம், வைரமே இல்லாத வெளிறு அலிமரம். திருநர்மீது இன்று வசையாக வீசப்படும் அதே சொல்.

உறுதி உள்ளே இருந்தால் ஆண், மேலோடு நின்றால் பெண், இல்லாவிட்டால் இரண்டுமில்லை. இப்படி ஒரு சொல்வரிசையை வைத்துக்கொண்டு, பழைய மரத்தைத் தரம்பிரிக்கும் சந்தை நடுநிலையானது என்று நம்ப முடியவில்லை. கடைக்காரர் ஏற்றிக்கொண்டு போனது தேக்கு. கொல்லையில் விட்டுப்போனது பனை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, டெல்டா மாவட்டங்களில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோதும் இதைப் பார்த்தோம். கண்ணுக்கு எட்டிய தூரம் மரம் கிடந்தது, மரச்சாமானுக்கு ஆகாது என்று கிடந்தது. தென்னையின் அடிப்பகுதியில், வெளிச்சுற்றில் அறுத்த பலகை நன்றாக உழைக்கும். நடுச்சோறு உளுத்துப்போகும். அறுக்கும் வாள் சீக்கிரம் மழுங்கும். அடிமரம் எது, நுனிமரம் எது என்று பார்த்து அறுக்கவும் நிழலில் உலர்த்தவும் ஆளும் கருவியும் வேண்டும். அவை இல்லாத வீடுகளில் சாய்ந்த தென்னை வாசலில் குறுக்கே போட்ட உட்காரும் கட்டையானது, மிச்சம் அடுப்புக்குப் போனது.

அதற்கும் முன்னால், 2004 டிசம்பர் 26. அந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்கள் கடற்கரையில் கண்ணாடியிழைப் படகுகள் நிவாரணமாக வந்து குவிந்தன. பெரும்பாலும் ஆண்களின் பெயரில் வந்தன. கூடை சுமந்து விற்கும் பெண் மீன்தொழிலாளியாகக் கணக்கில் வர வெகுகாலம் போராட வேண்டியிருந்தது. கட்டுமரங்கள் கரையேறின. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி பக்கம் அந்தக் கட்டைகள் வீட்டு வாசலில் இருக்கையாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். மாலையில் பெண்கள் அதில் உட்கார்ந்து வலை பிரிப்பார்கள், மீன் ஆய்வார்கள். அதுவும் வேலைதான். ஆனாலும் தரையிலிருந்து ஒரு முழம் உயரம். கடலைப் பார்த்தபடி. அந்த ஒரு முழத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

*

இனி, பாராட்டப்படும் பழைய மரத்துக்கு வருவோம்.

காரைக்கால் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் காரைக்குடியா என்று கேட்பார்கள். பழைய மரத்தைப் பொறுத்தவரை அந்தக் குழப்பத்தில் ஒரு பொருள் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் விற்பனைக்கு நிற்கின்றன. அவற்றோடு எனாமல் பாத்திரங்களும் பீங்கான் ஜாடிகளும் இருக்கின்றன. மகளுக்கென்று தாய்வீட்டில் ஆண்டுக்கணக்கில் சேர்த்த சீர் சாமான்கள் அவை. தூணுக்குக் கடைக்காரர் ஒரு வரலாறு சொல்வார்: எந்த வீடு, எந்தச் செட்டியார், பர்மாவில் என்ன தொழில். ஜாடிக்கு எந்த ஆச்சி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

புதுச்சேரியின் உணவகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் இன்னொரு சாமான் இடம்பிடித்திருக்கிறது. பழைய தையல் மெஷினின் வார்ப்பிரும்புக் கால்களின்மேல் பளிங்கோ மரப்பலகையோ வைத்துச் செய்த மேஜை. காபி குடிக்கிறவர்கள் மிதியில் காலை வைத்து ஆட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த மிதியில் கணுக்கால் வீங்க ஜாக்கெட் தைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்களை நமக்கெல்லாம் தெரியும். தமிழ்நாட்டு அரசு ஆதரவற்ற பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் தரும் திட்டம் சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரில் இருக்கிறது. ஒரு பெண் பிழைத்துக்கொள்ள வேண்டுமானால் அரசுக்கும் குடும்பத்துக்கும் முதலில் நினைவுக்கு வருவது தையல் மெஷின்தான், தச்சுக் கருவி இல்லை. வீட்டில் அவள் உட்கார்ந்து சம்பாதித்த ஒரே சாமான் தலையை இழந்து, விருந்தினர் கோப்பை வைக்கும் மேஜையாகிறது. இரும்பைக் காப்பாற்றியிருக்கிறார்கள், சரி. அதில் மிதித்த காலை விட்டுவிட்டார்கள்.

இது நம் ஊர் வியாபாரத்தின் குறை மட்டுமல்ல. சண்டிகரைப் பாருங்கள். 1950களில் அந்த நகரின் அலுவலகங்களுக்காகச் செய்த தேக்கு நாற்காலிகள் பிற்காலத்தில் உடைசலாகக் குவிந்து, ஏலத்தில் கழிவு விலைக்குப் போய், பழுதுபார்த்துப் பாரிசிலும் நியூயார்க்கிலும் பெருந்தொகைக்கு விற்கப்பட்டன. 2011இல் இந்திய உள்துறை அமைச்சகம் தலையிட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. ஏலப் பட்டியல்களில் பியர் ஜான்னரேயின் பெயர் இருக்கும். அந்தக் குழுவில் இருந்து, இந்த மரச்சாமான் வடிவமைப்பில் பங்கெடுத்த இந்தியக் கட்டடக் கலைஞர் யூலி சௌத்ரியின் பெயரை ஆய்வாளர்கள் போராடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அறுத்து இழைத்த பட்டறைத் தொழிலாளர்களின் பெயர்களோ, பிரம்பு பின்னிய கைகளின் பெயர்களோ எந்தப் பட்டியலிலும் வராது.

வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள் என்று சொன்னவர்களில் நான் மதிக்கும் ஒருவர் இத்தாலியின் என்சோ மாரி. 1974இல் அவர் 19 மரச்சாமான்களின் வரைபடங்களை வெளியிட்டார். பலகையும் ஆணியும் சுத்தியலும் போதும். கேட்டு எழுதியவர்களுக்குத் தபால் செலவுக்கு அனுப்பிவைத்தார். யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆலைகளும் வியாபாரிகளும் மட்டும் செய்யக் கூடாது. ஒரு பொருளைத் தன் கையால் செய்து பார்த்தவருக்குக் கடையில் விற்பதை எடைபோடும் அறிவு வரும் என்பது அவர் நம்பிக்கை. நல்ல நம்பிக்கை. ஆனாலும் அவருடைய ‘யார் வேண்டுமானாலும்’ என்ற சொல்லில் சில ஊகங்கள் இருக்கின்றன. ஒரே அளவில் அறுத்த பலகை வாங்கப் பணம் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்க வேண்டும். சுத்தியல் எடுத்தால் யாரும் சிரிக்கக் கூடாது. அத்தைக்கு வரைபடம் தேவைப்படவில்லை. அவளிடம் ஒரே அளவில் இரண்டு கட்டைகள்கூட இல்லை, ஆகவே ஒவ்வொரு கட்டையும் புதிய கணக்கு. அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு துளைக்கருவியும், அடுப்பில் உலையில்லாத இரண்டு மணி நேரமும். 2010இல் மாரியின் நாற்காலி ஒன்றை ஒரு ஃபின்லாந்து நிறுவனம், அவர் இசைவோடு, விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. வீட்டில் செய்யும் கலை ஆணின் பெயரில் இருந்தால் அது கடைவரைக்கும் போகும். பெண்ணின் கையில் இருந்தால் சிக்கனம் என்ற சொல்லோடு நின்றுவிடும்.

*

என் வாதத்திலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. பழையதைக் கொண்டு செய்வதைக் கொண்டாடும்போது, பழையது மட்டுமே கொடுக்கப்பட்டவர்களை மறந்துவிடுகிறோம். காவிரிப் படுகையின் பண்ணைகளில் மிராசுதார் வீட்டின் கிழிசலும் உடைசலும் சேரிக்குக் கூலியின் பகுதியாகப் போன காலம் வெகுதூரத்தில் இல்லை. திண்ணையில் உட்காரும் உரிமையே மறுக்கப்பட்டவர்களுக்கு, உடைந்த நாற்காலியைச் செப்பனிட்டு உட்காருவது அழகியல் இல்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்து, மற்றவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த படம் வெளியானது. வழக்குப் பதிவானது. அந்த அறையில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. மக்கள் வாக்களித்துத் தலைவராக்கிய பெண்ணுக்கு அவற்றில் ஒன்றைத் தர மனம்தான் இல்லை.

ஆகவே ‘தரைதான் தோது’ என்று என் அத்தை சொன்னதற்கும், தரையில் உட்கார் என்று இன்னொரு பெண்ணிடம் சொல்லப்பட்டதற்கும் இடையிலுள்ள தூரத்தை நான் அழிக்கப் பார்க்கவில்லை. அத்தையின் பெஞ்சில் பால்காரர் உட்கார்ந்தார் என்று மேலே எழுதினேன். கொல்லைப்பக்கம் வந்து அந்த மண்ணையும் ஓட்டுச் சில்லையும் வாரிய பெண் உட்காரவில்லை. யாரும் சொல்லவுமில்லை, அவரும் கேட்கவுமில்லை. அதையும் எழுதினால்தான் கணக்கு சரியாகும்.

*

கணக்கு என்றதும் சட்டம் நினைவுக்கு வருகிறது. 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சீதனம் பெண்ணின் தனிச்சொத்து, கணவன் வீட்டார் அதை நம்பிக்கையின்பேரில் வைத்திருப்பவர்கள் மட்டுமே என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு, திருமணத்தில் தரப்படும் பரிசுகளைப் பட்டியலிட்டு வைக்க வேண்டும் என்று விதிகளும் வந்தன. கட்டில், பீரோ, மெத்தை எல்லாம் பட்டியலில் வரும். அவை அவள் பிறந்த வீட்டார் பணம் கொடுத்து வாங்கியவை. வந்த வீட்டில் முப்பது வருஷம் அவள் தன் கையால் செய்தவற்றுக்குப் பட்டியல் இல்லை. ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறை, வீட்டு உபயோகத்துக்கென்று செய்துகொள்ளும் பொருளை உற்பத்தியாகவே ஏற்கிறது. சமைப்பதையும் கூட்டுவதையும் ஏற்காத அதே முறை பெஞ்சை ஏற்கிறது. ஏட்டில் அத்தை ஒரு உற்பத்தியாளர். வீட்டில்?

அவள் இறந்த பிறகு வீட்டைப் பங்கு பிரித்தார்கள். பீரோவுக்கும் தேக்குக் கட்டிலுக்கும் பேச்சு நடந்தது. பெஞ்சு ‘மற்ற தட்டுமுட்டுச் சாமான்கள்’ என்ற வரிக்குள் போனது. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். யாருக்கும் ஆட்சேபம் இல்லை, வேனில் ஏற்ற இடம் மிச்சமாயிற்று என்றார்கள். வலைக்கயிறு ஒரு மூலையில் தளர்ந்திருந்தது. சின்ன துளைக்கருவி ஒன்று வாங்கி, துளை போட்டு மரையாணி முடுக்கப் பார்த்தேன். அது ஆட்டம் கண்டது. பிறகு கயிற்றையே மாற்றிக் கட்டினேன்.

பழைய மரத்தில் செய்த சாமானைப் பற்றி எழுதுகிறவர்கள் மரம் எங்கிருந்து வந்தது என்பதோடு செய்தவளின் பெயரையும் எழுதட்டும். பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுக்கிறவர்கள் துளைக்கருவியும் ரம்பமும் சேர்த்துக் கொடுக்கட்டும். வீட்டில் இருக்கிறவர்கள் உலையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்தக் கட்டுரையை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதினேன். மழை பெய்கிற நாளில் பனையிலிருந்து லேசாக அடுப்புப் புகை வாசம் வருகிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா முதல் இரண்டு மாதம் நின்றுகொண்டே டீ குடித்தார். இப்போது மறுமுனையில் உட்காருகிறார். இரண்டு பேர் உட்கார்ந்தால் பெஞ்சு கொஞ்சம் கிறீச்சிடுகிறது, ஆனால் தாங்குகிறது.